நர்ஸ் ஆக நினைக்கும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள்: அனுபவம் உண்டு, வழி இல்லை!

108 ஆம்புலன்ஸுக்கு ஆள் எடுக்கும்போது நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வரும். மருத்துவ உதவியாளர் வேலைக்கு பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம்., டி.எம்.எல்.டி. படித்தவர்கள் வரலாம். விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் பட்டதாரிகளும் வரலாம். எழுத்துத் தேர்வு உண்டு. உடற்கூறியல், முதலுதவி, அடிப்படைச் செவிலியர் பணி பற்றியும் கேட்பார்கள். தேறியவர்களுக்கு 50 நாள் பயிற்சி. பிறகு 12 மணி நேர ஷிப்டு, பகலும் இரவும் மாறி மாறி.

வேலைக்குச் சேரும் வாசலிலேயே ‘செவிலியர் பணி தெரியுமா?’ என்று கேட்கிறார்கள். ஆனால், அந்த வேலையில் பல வருடம் இருந்த விலங்கியல் பட்டதாரி ஒருவர் ‘நான் நர்ஸ் ஆகணும்’ என்று நினைத்தால், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு முதலாண்டு வகுப்பில்தான் போய் உட்கார வேண்டும். நர்ஸாக இருப்பவர் 50 நாளில் 108-க்கு வந்துவிடலாம். 108-ல் இருப்பவர் நர்ஸ் ஆவதற்கு அப்படி ஒரு வழி கிடையாது.

வண்டிக்குள் இரண்டு பேர்

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. ஹைதராபாத்தில் 2005-ல் உருவான இ.எம்.ஆர்.ஐ. நிறுவனம் தமிழக அரசோடு சேர்ந்து நடத்துகிறது. இன்று 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. வண்டிக்கு இரண்டு பேர். ஓட்டுநரை ‘பைலட்’ என்பார்கள். பின்னால் நோயாளியோடு இருப்பவர் இ.எம்.டி. எனப்படும் மருத்துவ உதவியாளர்.

அவர் செய்யும் வேலையை வெளியே இருந்து பார்ப்பவர்கள் ‘தூக்கிக்கொண்டு போவது’ என்றுதான் நினைக்கிறார்கள். விபத்து நடந்த இடத்தில் கூட்டத்தை விலக்கி, மூச்சு வருகிறதா, ரத்தம் எங்கிருந்து போகிறது என்று பார்த்து, கழுத்துக்கு காலர் மாட்டி, ஸ்பைன் போர்டில் ஏற்றுவது அவர் வேலை. ஆக்சிஜன் கொடுப்பது, ட்ரிப்ஸ் ஏற்றுவது, கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரிடம் போனில் நிலைமையைச் சொல்லி மருந்துக்கு உத்தரவு வாங்குவது, அத்தனையையும் படிவத்தில் எழுதுவது எல்லாமே அவர்தான். மலைக் கிராமத்திலிருந்து வரும் கர்ப்பிணிக்கு வழியிலேயே வலி முற்றிவிட்டால், வண்டியை ஓரம் கட்டிப் பிரசவமும் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் சீனியர் சிஸ்டரும் கிடையாது, டியூட்டி டாக்டரும் கிடையாது.

2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. அந்த 48 மணி நேரத்தின் முதல் சில நிமிடங்கள் பெரும்பாலும் இந்த இ.எம்.டி.யின் கையில்தான் இருக்கின்றன.

இருபது நிமிடமும் இரவு முழுவதும்

அப்படியானால் இவரை நேரடியாக வார்டில் விட்டுவிடலாமா? கூடாது. காரணம் இருக்கிறது.

ஆம்புலன்ஸில் ஒரு நேரத்தில் ஒரு நோயாளி. கேஷுவால்டி வாசலில் ‘என்ன கேஸ் தம்பி?’ என்று கேட்கும் சிஸ்டரிடம் விவரம் சொல்லி ஒப்படைத்தால் இ.எம்.டி.யின் பொறுப்பு முடிகிறது. அந்த சிஸ்டரின் பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. வார்டில் ஒரே நேரத்தில் பல படுக்கைகளைப் பார்க்க வேண்டும். மூன்றாம் படுக்கைக்காரருக்கு ஆன்டிபயாடிக் நேரம், ஏழாம் படுக்கைக்காரருக்குச் சிறுநீர் அளவு குறைகிறது, பன்னிரண்டாம் படுக்கைப் பாட்டியைப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். இவற்றில் எதுவும் சைரன் ஒலியோடு வருவதில்லை. மெல்ல மெல்ல மோசமாகும் ஒருவரைச் சரியான நேரத்தில் கண்டுபிடிப்பதுதான் நர்சிங்கின் கடினமான பாடம்.

மருந்தியல், தொற்றுத் தடுப்பு, குழந்தை நலம், மனநலம், சமூக நலச் செவிலியம் என்று இ.எம்.டி. பயிற்சி தொடாத பாடங்கள் நிறைய இருக்கின்றன. 50 நாளில் இவற்றைக் கற்க முடியாது. கற்றதாகச் சொல்லவும் கூடாது. அதே சமயம், பதற்றமில்லாமல் நோயாளியைக் கணிப்பது, யாரை முதலில் கவனிப்பது என்று முடிவெடுப்பது, அழுதுகொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கும் உறவினர்களிடம் பேசுவது, இவற்றைக் கல்லூரியில் நான்கு வருடம் படித்தவரும் வேலைக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொள்கிறார். அது இவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஏன் மாற நினைக்கிறார்கள்?

மாடிப்படியில் ஸ்ட்ரெச்சர் தூக்கியே முதுகு போய்விடும். வயது ஏற ஏற, ஓடும் வண்டியில் குனிந்தபடி வேலை பார்ப்பது கஷ்டம். கல்யாணம், குழந்தை என்று வந்தால் 12 மணி நேர ஷிப்டு இன்னும் இடிக்கும். இதைவிடப் பெரிய காரணம் அங்கீகாரம். நர்ஸுக்கு நர்சிங் கவுன்சிலின் பதிவு எண் உண்டு. அதை வைத்து மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி.யின் தேர்வு எழுதலாம். உரிய தேர்வுகளை எழுதி வளைகுடா நாடுகளுக்கோ பிரிட்டனுக்கோ போகலாம். 50 நாள் பயிற்சிச் சான்றிதழை வைத்து இதில் எதையும் செய்ய முடியாது.

அதற்காக அந்தப் பக்கம் எல்லாமே பச்சை என்று நினைத்துவிட வேண்டாம். எம்.ஆர்.பி. மூலம் தேர்வான செவிலியர்கள் தொகுப்பூதியத்தில்தான் வேலையைத் தொடங்கினார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் நடத்திய போராட்டத்தை மறந்திருக்க மாட்டோம். மாற நினைப்பவர்கள் இதையும் தெரிந்துகொண்டே வர வேண்டும்.

இன்று உள்ள வழிகள்

ஏற்கெனவே ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து 108-ல் இருப்பவருக்குச் சிக்கல் குறைவு. கவுன்சில் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் மருத்துவமனைக்குத் திரும்பலாம். இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரியும் ஆகலாம்.

அறிவியல் பட்டத்தோடு 108-க்கு வந்தவருக்குத்தான் இடி. ஜி.என்.எம். என்றால் மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் என்றால் நான்கு வருடம். இரண்டுமே முழுநேரப் படிப்பு. 12 மணி நேர ஷிப்டோடு சேர்த்துப் படிக்க முடியாது. வேலையை விட்டால் வீட்டுக்குச் சம்பளம் இல்லை. தபால் வழியில் நர்ஸ் ஆகலாம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டி ஏமாந்துவிட வேண்டாம்; அடிப்படை நர்சிங் படிப்பைத் தபாலில் படித்துக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது.

இன்னொரு வேடிக்கை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் விபத்து மற்றும் அவசரச் சிகிச்சைத் தொழில்நுட்பம் என்றே ஒரு பி.எஸ்சி. பட்டம் இருக்கிறது. மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. அதிலும் உடற்கூறியல், உடலியங்கியல் உண்டு. பி.எஸ்சி. நர்சிங் பட்டம் தருவதும் அதே பல்கலைக்கழகம்தான். ஆனாலும் முதல் பட்டத்தை வாங்கியவர் இரண்டாவதற்குப் போனால் முதல் வருடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே ஆம்புலன்ஸில் சிகிச்சை தரும் ‘பாராமெடிக்’ பணி வளர்ந்ததில் நர்ஸுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கலிபோர்னியாவில் 1970-ல் வந்த வெட்வர்த் - டவுன்செண்ட் சட்டம்தான் அங்கே பாராமெடிக்குகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ரேடியோ வழியாக அவர்களை வழிநடத்த நர்ஸுகளுக்குத் தனிப் பயிற்சியே கொடுத்தார்கள்.

இன்று அங்குள்ள பல சமுதாயக் கல்லூரிகள், பாராமெடிக்குகள் நர்ஸ் ஆவதற்கு இணைப்புப் படிப்பு நடத்துகின்றன. தெரிந்த பாடங்களுக்கு விலக்கு தருவார்கள். தெரியாதவற்றைப் படித்தே ஆக வேண்டும். கடைசியில் எல்லோருக்கும் ஒரே உரிமத் தேர்வுதான்: என்.சி.எல்.இ.எக்ஸ். அதில் சலுகை கிடையாது. அங்கே மாறுவதற்குப் பணமும் ஒரு காரணம். அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2022 கணக்குப்படி பாராமெடிக்கின் இடைநிலை ஆண்டு ஊதியம் 49,090 டாலர். பதிவு பெற்ற நர்ஸுக்கு 81,220 டாலர்.

நாம் என்ன செய்யலாம்?

‘குறுக்கு வழி வந்தால் நர்சிங்கின் தரம் போய்விடும்’ என்ற கவலை நியாயமானது. இணைப்புப் படிப்பால் அந்தத் தரம் குறைய வேண்டியதில்லை. உடற்கூறியலைத் தேர்வு வைத்துச் சோதிக்கட்டும். தேறியவருக்கு மட்டும் விலக்கு கொடுக்கட்டும். வார்டுப் பயிற்சி நேரத்தில் ஒரு மணி கூடக் குறைக்க வேண்டாம். இறுதித் தேர்வு எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

இது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. ஜி.என்.எம். படித்தவர் இரண்டு வருடத்தில் பட்டதாரி ஆவது ஒருவகை இணைப்புப் படிப்புதான். நல்வாழ்வு மையங்களுக்கு சமுதாய சுகாதார அலுவலர்களை உருவாக்க, நர்ஸுகளுக்கு ஆறு மாத இணைப்புப் படிப்பை மத்திய அரசே கொண்டுவந்தது. நர்ஸ் மேலே ஏற வழி போட்டவர்கள், நர்ஸ் ஆக வருபவருக்கும் போடலாம்.

வாய்ப்பும் இப்போது இருக்கிறது. 2021-ல் வந்த இணை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரைத் தனித் தொழிலாக அங்கீகரித்திருக்கிறது. 1947-ம் ஆண்டின் செவிலியர் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய செவிலியர், மருத்துவச்சி ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. இரண்டுக்கும் விதிகள் வகுக்கும்போது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியையும் எழுதிவிடலாம். அதற்கு முன்பே எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகம் ஒரு பாடத்திட்ட வரைவைத் தயாரித்து செவிலியர் ஆணையத்துக்கு அனுப்பலாம். தமிழக அரசு, படிக்கப் போகும் 108 ஊழியர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, படித்து முடித்தபின் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம்.

நாடு முழுக்க நர்ஸ் பற்றாக்குறை என்கிறோம். நடுரோட்டில் உயிரைப் பிடித்து வைக்கத் தெரிந்தவர்கள் படிக்கத் தயாராக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வகுப்பறையைத் திறந்துவிட வேண்டியது அரசின் கடமை.