பைதன் மெய்நிகர்ச் சூழலைச் சார்புத் தொகுப்புகளுடன் பொதிதல்: தமிழாய்வு நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

சொல்லடைவு, உருபனியல், யாப்பு ஆகியவற்றைக் கணினிவழி ஆராய்வோர் பலர் பைதன் நிரல்மொழியைப் பயன்படுத்துகின்றனர். ஓர் ஆய்வாளர் தம் கணினியில் பெற்ற முடிவைப் பிறரும் தத்தம் கணினியில் பெற இயன்றால்தான் அம்முடிவு ஆய்வுலகில் நிலைபெறும். இதற்கு நிரலை மட்டும் வழங்கினால் போதுமா, போதாதெனின் எவற்றை உடன் வழங்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. சூழலும் முடிவும்

'தமிழ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இதில் எழுத்துகள் 3 என்பதை நாம் அறிவோம். யூனிகோடு முறையில் இச்சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகளாகப் பதிவாகிறது. யுடிஎஃப்-8 வடிவில் இது 15 பைட்டுகளாகும். சொல்லின் நீளத்தைக் கேட்கும் ஒரே கட்டளைக்கு, இவ்வடிவில் எழுதிய சாதாரணச் சரத்திற்குப் பைதன் 2 பதினைந்து என்றும், பைதன் 3 ஐந்து என்றும் விடை தரும். மூன்று என்னும் விடையைப் பெற, ஓப்பன்-தமிழ் போன்றதொரு தொகுப்பு எழுத்துகளைப் பிரித்துத் தர வேண்டும். ஆகவே, நிரலை இயக்கும் பதிப்பும் அது சார்ந்துள்ள தொகுப்புகளும் ஆய்வு முடிவின் பகுதியே ஆகும்.

2. மெய்நிகர்ச் சூழலின் எல்லை

ஒவ்வோர் ஆய்வுப் பணிக்கும் உரிய தொகுப்புகளைத் தனிக் கோப்புறையில் வைக்கும் ஏற்பாடே மெய்நிகர்ச் சூழல். 2012இல் வெளிவந்த பைதன் 3.3 முதல் இவ்வசதி மொழியுடனேயே இணைந்துள்ளது. இக்கோப்புறையை அப்படியே படியெடுத்து வழங்கலாம் எனப் பலரும் கருதுவர். அது பெரும்பாலும் பயன் தராது. காரணங்கள் இரண்டு. முதலாவது, சூழலுக்குள் முழுமையான பைதன் இல்லை. கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்ட பைதனையே அது சுட்டுகிறது. இரண்டாவது, சூழல் உருவான இடத்தின் முழு முகவரி அதன் கோப்புகளுள் எழுதப்பட்டுள்ளது. எனவே, சூழலை இடம்பெயர்ப்பதினும் மீண்டும் உருவாக்குவதே முறையாகும்.

3. பொதியும் முறை

அ) 'பிப்' கருவியின் 'பிரீஸ்' கட்டளையால் எல்லாத் தொகுப்புகளின் பெயரையும் பதிப்பெண்ணையும் பட்டியற் கோப்பாகப் பெறுதல்.

ஆ) அப்பட்டியலைக் கொண்டு, 'வீல்' எனப்படும் ஆயத்த வடிவில் அனைத்துத் தொகுப்புகளையும் ஒரு கோப்புறையில் சேர்த்தல்.

இ) நிரல், தரவு, பட்டியல், வீல் கோப்புறை, உரிய பைதன் பதிப்பின் நிறுவுகோப்பு ஆகியவற்றை ஒன்றாகப் பொதிதல்.

ஈ) பெறுவோர் பைதனை நிறுவிப் புதிய சூழலை உருவாக்கி, இணையத்தை நாடாமல் அக்கோப்புறையிலிருந்து மட்டும் நிறுவுமாறு பிப் கருவிக்குக் கட்டளையிடுதல்.

இணைய வசதி குறைந்த பள்ளிக் கணினிக் கூடத்திற்கும் இம்முறை பொருந்தும்.

4. கருதத்தக்கவை

நம்பை போன்ற தொகுப்புகள் சி மொழியில் எழுதப்பட்ட பகுதிகளைக் கொண்டவை. விண்டோஸுக்கெனத் தொகுத்த அவற்றின் வீல் லினக்ஸில் இயங்காது. ஆதலின், பெறுவோரின் இயங்குதளத்தையும் பைதன் பதிப்பையும் முன்னரே அறிதல் வேண்டும். மேலும், ஸ்டான்சா போன்ற மொழியாய்வுக் கருவிகள் தமிழுக்குரிய மொழி மாதிரியைத் தனியே பதிவிறக்குகின்றன. பிரீஸ் பட்டியலில் அது இடம்பெறாது; அதனையும் நாமே சேர்த்தல் வேண்டும். கான்டா சூழலைப் பயன்படுத்துவோர்க்குக் கான்டா-பேக் என்னும் கருவி உள்ளது. அது பைதனையும் உள்ளடக்கிப் பொதிந்து, புதிய இடத்திற்கேற்ப முகவரிகளையும் திருத்தித் தரும்; ஆயினும் இயங்குதளம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

முடிவுரை

பைதன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிவுற்றது. சூழல் விவரமின்றி அதில் எழுதப்பட்ட ஆய்வு நிரல்களை இன்று சரிபார்த்தல் அரிது. பாடபேதம் குறிக்காத பதிப்பை நாம் ஏற்பதில்லை; பதிப்பெண் குறிக்காத நிரலுக்கும் அவ்வளவையே பொருந்தும். மாணவரின் ஆய்வேட்டுடன் இத்தகைய பொதியையும் பெற்று வைத்தல், பின்வரும் ஆய்வாளர்க்கு நாம் செய்யும் கடமையாகும்.