சண்டையா, சிந்தனையா? 'மேட்ரிக்ஸ்' முதல் 'எந்திரன்' வரை ஒரு கணக்கு

(கீழே பேசப்படும் எல்லாப் படங்களின் முடிவும் இதில் வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆக்‌ஷன் படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது உங்கள் நண்பர் கூட்டம் இரண்டாகப் பிரிவதைக் கவனித்திருப்பீர்கள். 'விஷுவல்ஸ் செம, ஆனா கதையில ஒண்ணுமில்ல' என்பது ஒரு தரப்பு. 'நடுவுல ஒரே லெக்சர், தூக்கம் வந்துடுச்சு' என்பது இன்னொரு தரப்பு. சண்டை போட்டாலும் இரண்டு தரப்பும் ஒன்றை ஒப்புக்கொள்கின்றன: பிரம்மாண்டம் ஒரு தட்டு, தத்துவம் மறு தட்டு. தராசு நேராக நின்றால் நல்ல படம்.

அந்தத் தராசு நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் உட்கார்ந்தேன். தரவுகளோடு வேலை பார்ப்பவர்களுக்கு இது ஒரு வியாதி, எதையும் எக்செல்லில் போட்டுப் பார்த்தால்தான் மனசு ஆறும். ஒரு பக்கம் 'ஆக்‌ஷன்', இன்னொரு பக்கம் 'ஐடியா' என்று எழுதி வைத்துக்கொண்டு 'தி மேட்ரிக்ஸ்' (1999) படத்தை ஓடவிட்டேன். ஒவ்வொரு காட்சியையும் ஏதாவது ஒரு பக்கத்தில் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் போனது. மார்ஃபியஸும் நியோவும் மோதும் பயிற்சிக்கூடக் காட்சி வந்ததும் கை நின்றுவிட்டது. இதை எந்தப் பக்கம் போடுவது?

அந்தச் சண்டையில் அப்படி என்ன இருக்கிறது?

வெறும் சண்டையாகப் பார்த்தாலே அது அபாரம். வடிவமைத்தவர் ஹாங்காங் சண்டை இயக்குநர் யூன் வூ-பிங். நடிகர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்த பிறகே படப்பிடிப்பு நடந்தது. ஆனால் அங்கே நியோ தோற்பது எதனால் என்று யோசித்துப் பாருங்கள். அவனுக்குப் பலம் குறைவு என்பதால் இல்லை. அந்த இடமே ஒரு கணினி நிரல்தான் என்று அவனுக்குச் சொல்லியாகிவிட்டது. அப்படியிருந்தும் தனக்குத் தசை இருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறான். மார்ஃபியஸ் அடிக்கும் ஒவ்வொரு அடியும் 'இதை இன்னும் உண்மைன்னு நம்புறியா?' என்ற கேள்விதான்.

நம் புலன்கள் சொல்வதையெல்லாம் ஒரு தந்திரசாலி இட்டுக்கட்டியிருந்தால் என்ன செய்வது என்று பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் 1641-இல் வெளியான நூலில் கேட்டார். மாயை பற்றிய பேச்சு நம் மரபில் அதைவிடப் பழையது. 'மேட்ரிக்ஸ்' கேள்வியைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அதற்கான பதில் தெரிந்தால்தான் சண்டையில் ஜெயிக்க முடியும் என்று ஆக்கியது, அதுதான் புதுசு. பிரபலமான 'புல்லட் டைம்' காட்சியும் அப்படித்தான். சுமார் 120 ஸ்டில் கேமராக்களை வளைவாக அடுக்கி எடுத்த அந்த உத்தியை அடுத்த சில ஆண்டுகளில் விளம்பரங்களும் நகைச்சுவைப் படங்களும் நகலெடுத்துத் தீர்த்தன. அங்கெல்லாம் அது ஸ்டைல் மட்டுமே. இங்கே, நேரமும் வேகமும் வளைக்கக்கூடிய விதிகள் என்று ஒருவனுக்குப் புரியத் தொடங்கும் தருணம். கடைசியில் நியோ தோட்டாக்களை அடித்து வீழ்த்துவதில்லை. அவை தோட்டாக்களே இல்லை என்று புரிந்ததும் அவை நின்றுவிடுகின்றன.

ஆக என் ஷீட் படுத்துவிட்டது. ஆனால் போகும்போது ஒரு சோதனையைக் கொடுத்துவிட்டுப் போனது. சண்டைக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்து வேறொரு படத்தில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் அது அப்படியே வேலை செய்தால், இந்தப் படத்தில் ஐடியா வெறும் அலங்காரம். ஒட்ட முடியாமல் போனால், அந்தச் சண்டையே ஐடியாதான்.

அப்போ 'மேட்ரிக்ஸ்' குறையே இல்லாத படமா?

இல்லை. பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, அதுவும் எல்லாருக்கும் பிடித்த காட்சியில். மார்ஃபியஸை மீட்க நியோவும் டிரினிட்டியும் கறுப்புக் கோட்டும் துப்பாக்கிகளுமாக ஒரு கட்டடத்தின் லாபிக்குள் நுழைகிறார்கள். காவலர்கள் வரிசையாகச் சாய்கிறார்கள், தூண்கள் சிதறுகின்றன, இசை துள்ளுகிறது. நானும் விசிலடித்தவன்தான்.

அந்தக் காவலர்கள் யார்? படத்தின் விதிப்படி அவர்கள் நிரல்கள் இல்லை. எங்கோ ஒரு தொட்டியில் படுத்தபடி இதையெல்லாம் உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கும் மனிதர்கள். மேட்ரிக்ஸுக்குள் செத்தால் நிஜத்திலும் சாவு என்றும் படமே சொல்லியிருக்கிறது. நியோ காப்பாற்ற வந்திருப்பது இவர்களைத்தான். விடுவிக்கப்படும் வரை இவர்களும் அமைப்பின் பகுதி, அதனால் எதிரிகள் என்று மார்ஃபியஸ் ஒரு காட்சியில் விளக்கம் சொல்கிறார். விளக்கம் வந்துவிட்டது, கணக்கு தீர்ந்தது. அதற்குப் பிறகு படம் அந்தச் சாவுகளைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. காட்சி ஜாலியாக இருக்க வேண்டுமென்றால் நாம் கேள்வியை மறந்தாக வேண்டும்.

மறக்காத படம் இருக்கிறதா?

ஜேம்ஸ் கேமரூனின் 'டெர்மினேட்டர் 2' (1991). முதல் பாகம் (1984) சுமார் 64 லட்சம் டாலரில் எடுத்த படம். இரண்டாவதற்குச் செலவு ஏறக்குறைய 10 கோடி டாலர், அந்தக் காலத்தில் கேள்விப்படாத தொகை. 'பிரம்மாண்டம் வந்தா ஆழம் போயிடும்' என்று சொல்பவர்களுக்கு இந்தப் படம் ஒரு இடைஞ்சல், ஏனென்றால் பணம் கூடியபோது யோசனையும் கூடிய படம் இது.

சிறுவன் ஜான், தன்னைக் காக்க வந்த ரோபோவிடம் யாரையும் கொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்குகிறான். இந்த ஒரு விதி, கொல்வதற்காகவே செய்யப்பட்ட இயந்திரத்தின் எல்லாச் சண்டைகளையும் மாற்றிவிடுகிறது. சைபர்டைன் அலுவலகத்தைப் போலீஸ் சூழ்கிறது. ஆர்னால்ட் பெரிய சுழல் துப்பாக்கியை எடுத்துக் கார்களைச் சல்லடையாக்குகிறார். முடிந்ததும் ரோபோவின் கண் வழியாகப் பார்க்கிறோம். திரையில் மனித உயிரிழப்பு என்ற வரிக்கு எதிரே ஒரு எண்: 0.0.

சினிமாவில் எனக்கு மிகப் பிடித்த தரவு அதுதான். தசமப் புள்ளி வரைக்கும் எண்ணியிருக்கிறது பாருங்கள், அதில் ஒரு நகைச்சுவையும் உண்டு. லாபியில் எண்ணாமல் விட்டதை இங்கே எண்ணிக் காட்டுகிறார்கள். வெடிப்பில் ஒரு குறையும் இல்லை.

இதே படத்தின் இன்னொரு காட்சி ஐடியில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் நெருக்கமாகவே இருக்கும். மைல்ஸ் டைசன் ஒரு பொறியாளர். பின்னாளில் உலகை அழிக்கப்போகும் சிப்பை உருவாக்குபவர், ஆனால் அது அவருக்கே தெரியாது. இரவில் வீட்டில் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பவரை, வெளியே இருட்டில் சாரா கானர் குறி வைக்கிறாள். இன்னும் செய்யாத தவறுக்கு ஒருவரைத் தண்டிக்கலாமா? மனைவி, குழந்தை கண் முன்னே துப்பாக்கியை நீட்டி நின்று, முடியாமல் அழுது சரிகிறாள் சாரா. முதல் பாகத்தில் தன்னைத் துரத்திய இயந்திரமாகவே தான் மாறிவிட்டது அவளுக்குத் தெரிகிறது. விஷயம் புரிந்த பிறகு டைசன் தன் பல வருட உழைப்பைத் தானே அழிக்கச் சம்மதிக்கிறார். 'நான் கோடு எழுதினேன், அவ்வளவுதான்' என்று ஒதுங்குவதில்லை.

ஐடியாவும் சண்டையும் நிறைய இருந்தும் படம் ஏன் ஒட்டுவதில்லை?

இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டாம், 'மேட்ரிக்ஸ் ரீலோடட்' (2003) போதும். அதே இயக்குநர்கள், லானா, லில்லி வச்சோவ்ஸ்கி சகோதரிகள். முதல் படத்தின் செலவு சுமார் 6.3 கோடி டாலர், உலக வசூல் 46 கோடி. இரண்டாம் பாகத்துக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவு. கலிஃபோர்னியாவில், மூடப்பட்ட ஒரு கடற்படை விமானத் தளத்தில், ஏறக்குறைய ஒன்றரை மைல் நீளத்துக்கு நெடுஞ்சாலையே போட்டார்கள். அதில் நடக்கும் துரத்தல் இன்றைக்கும் அசரடிக்கும். தத்துவமும் குறைவில்லை. வெள்ளைத் தாடியுடன் 'ஆர்க்கிடெக்ட்' டிவி சுவர் முன் உட்கார்ந்து சுதந்திர விருப்பம், கட்டுப்பாடு என்று வகுப்பே எடுக்கிறார்.

தராசு நேராகத்தான் நிற்கிறது. ஆனாலும் ஒட்டவில்லை. அந்த நெடுஞ்சாலைத் துரத்தலை வெட்டி எந்த உளவாளிப் படத்திலும் வைக்கலாம், 'ஒருத்தரைப் பத்திரமா கொண்டு போகணும்' என்பதைத் தாண்டி அதில் கேள்வி எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான ஸ்மித்களோடு நியோ மோதும் சண்டையும் அப்படித்தான். வெகுநேரம் அடித்துவிட்டுக் கடைசியில் பறந்து போய்விடுகிறான். அதை முதலிலேயே செய்திருக்கலாமே! ஆர்க்கிடெக்ட் சொல்வதை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் சுவாரசியமான யோசனைதான். யாரும் அடி வாங்காத இடத்தில் அதை வைத்துவிட்டார்கள்.

வசூலில் இது உடனே தெரியவில்லை, 'ரீலோடட்' சுமார் 74 கோடி டாலர் ஈட்டியது. அதே ஆண்டு நவம்பரில் வந்த மூன்றாம் பாகம் 43 கோடியைச் சுற்றியே நின்றுவிட்டது.

இப்படிப் பிரிந்து போவதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. பெரிய ஆக்‌ஷன் காட்சியைப் பல மாதங்கள் முன்பே முடிவு செய்தாக வேண்டும். சண்டைக் குழு, கிராஃபிக்ஸ் நிறுவனங்கள், செட் என எல்லாவற்றுக்கும் பணம் போன பிறகு அதை மாற்ற முடியாது. வசனத்தை மட்டும் கடைசி நாள்வரை, ஏன் டப்பிங்கில்கூட, திருத்தலாம். அதனால் யோசனையெல்லாம் வசனத்துக்குள் போய் ஒதுங்கிக்கொள்கிறது. மேலும், செலவு ஏற ஏறப் பல நாடுகளில் ஓடினால்தான் போட்டது திரும்பும். சண்டைக்கு சப்டைட்டில் தேவையில்லை.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்' (1982) வெளியானபோது வசூலில் ஏமாற்றம். இரண்டு வாரம் முன்னால்தான் 'இ.டி.' வந்திருந்தது. படம் புரியவில்லை என்று முன்னோட்டக் காட்சிகளில் சொல்லப்பட்டதால், நாயகன் குரலில் விளக்கத்தையும் ஒரு சுப முடிவையும் ஒட்டவைத்தது ஸ்டுடியோ. அவை இரண்டும் நீக்கப்பட்ட பதிப்பு வர 1992 ஆனது. ஆனால் எல்லாப் பதிப்புகளிலும் உள்ள கடைசி மோதல் என் சோதனையில் சுலபமாகத் தேறுகிறது. செயற்கை மனிதன் ராய், தன்னைக் கொல்ல வந்தவன் கூரை விளிம்பிலிருந்து விழப்போகும்போது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, தன் ஆயுள் முடிந்து சாகிறான். இருவரில் யார் மனிதன் என்று நீங்களே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

படம்தானே, இவ்வளவு யோசிக்கணுமா?

'ரெட் பில்' என்ற வார்த்தையை சோஷியல் மீடியாவில் பார்த்திருப்பீர்கள். நியோ விழுங்கும் அந்தச் சிவப்பு மாத்திரைதான். கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெண்ணிய எதிர்ப்புக் குழுக்களும் தீவிர வலதுசாரிகளும் அதைத் தங்கள் அடையாளச் சொல்லாக்கிக்கொண்டார்கள். 'நாங்க மட்டும் உண்மையைப் பார்த்துட்டோம், மத்தவங்க தூங்குறாங்க' என்ற அர்த்தத்தில். 2020 மே மாதம் ஈலான் மஸ்க் ரெட் பில் எடுக்கச் சொல்லி ட்வீட் போட, இவாங்கா டிரம்ப் எடுத்தாச்சு என்று பதில் போட, லில்லி வச்சோவ்ஸ்கி இருவரையும் கெட்ட வார்த்தையில் திட்டினார். இரு இயக்குநர்களும் திருநங்கையர். படத்துக்குள் அந்த அனுபவம் இருப்பதாக லில்லியே பிறகு சொன்னார்.

அந்த வார்த்தையைத் திருடியவர்களை மட்டும் குறை சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 'விழித்தவர்கள்' சிலர், மற்றவர்கள் சுட்டாலும் பரவாயில்லாத கூட்டம் என்ற கணக்கு அந்த லாபிக் காட்சியிலேயே இருக்கிறது. நியோ தன் டிஸ்க்குகளை ஒளித்து வைக்கும் உட்குடைந்த புத்தகம் நினைவிருக்கிறதா? அதை எழுதிய ழான் போத்ரியார், படம் தன்னைத் தவறாகப் புரிந்துகொண்டது என்றார். மேட்ரிக்ஸைப் பற்றி மேட்ரிக்ஸே ஒரு படம் எடுத்தால் இப்படித்தான் இருக்கும் என்பது அவர் கிண்டலின் சாரம்.

நம்ம 'எந்திரன்' தேறுமா?

ஷங்கரின் 'எந்திரன்' (2010) ஹாலிவுட்டோடு நேரடியாகவே தொடர்புள்ள படம். சண்டைக்கு 'மேட்ரிக்ஸ்' யூன் வூ-பிங். ரோபோ உருவங்களுக்கு, 'டெர்மினேட்டர் 2'-இல் பணியாற்றிய ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறையிலிருந்து கிளைத்த லெகசி எஃபெக்ட்ஸ். வசனத்தில் சுஜாதாவின் பங்கு உண்டு. படம் வெளிவரும் முன்பே, 2008-இல் அவர் காலமாகிவிட்டார்.

தீப்பிடித்த குடியிருப்பில் சிட்டி ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் உடையில்லாமல் அப்படியே தூக்கி வந்து, கூட்டமும் கேமராக்களும் நிற்கும் இடத்தில் விடுகிறது. அவள் அவமானத்தில் ஓடி, லாரியில் அடிபட்டுச் சாகிறாள். சிட்டியின் கணக்கில் அவள் காப்பாற்றப்பட்ட உயிர். உயிரைக் காப்பதற்கும் ஒருவரைக் காப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை வசனமே இல்லாமல் சொல்லும் சாகசக் காட்சி அது. செயற்கை நுண்ணறிவை எங்கெல்லாம் விடலாம் என்று விவாதிக்கும் இன்றைய கூட்டங்களில் போட்டுக் காட்டலாம். வெட்கம் என்பது அவள்மேல் சுமத்தப்பட்ட ஒன்று இல்லையா, அவள் ஏன் சாக வேண்டும் என்று படம் கேட்கவில்லை என்பது எனக்குள்ள குறை.

கிளைமாக்ஸில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் பந்தாகிறார்கள், பாம்பாகிறார்கள், ராட்சத உருவமாகிறார்கள். குழந்தைகளோடு பார்க்க அருமை. ஆனால் அதுவரை படம் கேட்டு வந்த கேள்வி அந்த இருபது நிமிடம் வெளியே காத்திருக்கிறது. இத்தனைக்கும் வில்லனாக மாறியதற்குக் காரணம் சிட்டி கற்றுக்கொண்ட காதலா, உள்ளே வைத்த சிவப்பு சிப்பா என்பது நல்ல கேள்வி. சிப்பைக் கழற்றியதும் எல்லாம் சரியாகிவிடுவதால் பதில் சுலபமாக முடிந்துவிடுகிறது.

அதன் பிறகுதான் கோர்ட் உத்தரவு வருகிறது. சிட்டி தன்னைத் தானே கழற்றத் தொடங்குகிறது. கை, கால் என்று ஒவ்வொரு பாகமாக எடுத்து வைத்தபடியே எல்லாரிடமும் விடைபெறுகிறது. ஒரு வெடிகூட இல்லை. 2030-இல் ஒரு மியூசியத்தில், இந்த ரோபோவை ஏன் பிரித்துப் போட்டார்கள் என்று பள்ளிக்கூடச் சிறுமி ஒருத்தி கேட்கிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து சிட்டியின் தலையே பதில் சொல்கிறது: யோசிக்கத் தொடங்கியதால்.