சாலைக்கு விலை தருவது யார்?

சாலையை ஒருமுறை அமைத்துவிட்டால் மட்டும் போதாது. வெயிலும் மழையும் வண்டிச் சக்கரங்களும் அதனை நாள்தோறும் தேய்க்கின்றன. செப்பனிடப் பணம் வேண்டும். அப்பணத்தை யாரிடம் பெறுவது? இவ்வினாவிற்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இருமுறை புதிய விடை கண்டது.

முதல் விடை 1919ஆம் ஆண்டில் பிறந்தது. சாலைகளுக்காகப் பெட்ரோல் மீது வரி விதித்த முதல் அமெரிக்க மாநிலம் ஓரிகனே. காலன் ஒன்றுக்கு ஒரு சென்ட் என்பது அவ்வரி. மிகுதியாக ஓடும் வண்டிக்கு மிகுதியான எரிபொருள் தேவை. ஆகவே, சாலையை மிகுதியாகப் பயன்படுத்துவோர் மிகுதியாகச் செலுத்தினர். தனிக்கணக்கு எழுத வேண்டிய தேவையும் இல்லை.

காலப்போக்கில் வண்டிகள் மாறின. 2015இல் அம்மாநில வரி காலனுக்கு 30 சென்ட். காலனுக்கு 20 மைல் ஓடும் பழைய வண்டி, 20 மைலுக்கு 30 சென்ட் செலுத்தியது. 50 மைல் ஓடும் புதிய வண்டி, அதே 30 சென்டுக்கு 50 மைல் ஓடியது. மின்வண்டியோ எரிபொருள் வரியாக ஒன்றும் செலுத்தவில்லை. மூன்றும் ஓடுவது ஒரே சாலையில்தான். ஆயினும், புதிய வண்டி வாங்க இயலாதவரே பெருஞ்சுமையைத் தாங்கினர்.

எனவே, 2015 ஜூலை 1 அன்று ‘ஓரிகோ’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. அப்போது இதில் விரும்பியவர் மட்டும் சேர முடிந்தது. 2015இல் கட்டணம் மைலுக்கு 1.5 சென்டாக இருந்தது; செலுத்திய எரிபொருள் வரி அதில் கழிக்கப்பட்டது.

இம்முறைக்கு எதிர்ப்பும் எழுந்தது. “நாங்கள் செல்லும் இடங்களை அரசு அறிந்துகொள்ளுமே!” என்று பலர் அஞ்சினர். ஆதலால், இருப்பிடத்தைப் பதிவு செய்யாமல் தொலைவை மட்டும் அளக்கும் கருவியையும் தேர்ந்தெடுக்கச் சட்டம் வழிசெய்தது. கணக்கு முடிந்த 30 நாள்களுக்குள் பயண விவரங்களை அழித்துவிட வேண்டும் என்றும் விதித்தது. காற்றை மாசுபடுத்தாத வண்டிக்கு வரிச்சலுகை குறையலாமா என்னும் வினா இன்றும் தொடர்கிறது.

சாலை அனைவருக்கும் பொது; அதனைப் பேணும் பொறுப்பும் பொதுவே. அப்பொறுப்பை நேர்மையாகப் பங்கிடுவதே அரசின் கடமையாகும்.

சொற்பொருள்
செப்பனிடுதல் – சீர்செய்தல்
பேணுதல் – காத்தல்

சிந்தித்து விடை எழுதுக
1. எரிபொருள் வரி தொடக்கத்தில் நேர்மையான முறையாக விளங்கியது ஏன்?
2. காலனுக்கு 20 மைல் ஓடும் வண்டிக்கு இரு முறைகளிலும் செலவு எவ்வளவு? கணக்கிட்டு ஒப்பிடுக.
3. மின்வண்டி உரிமையாளரும் பழைய வண்டி உரிமையாளரும் இதுபற்றி உரையாடுவதாக ஓர் உரையாடல் எழுதுக.