நுண்கட்டுப்படுத்தி நினைவகத்தில் பைட் வரிசைப் பிழை: கண்டறிதலும் களைதலும்

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டத்தில் கல்பாக்கத்தை அடுத்துள்ள அணுபுரம், அணுசக்தித் துறைப் பணியாளர்களின் குடியிருப்பாகும். கல்பாக்கத்தின் முன்மாதிரி அதிவேக ஈனுலையில், வடிவமைப்பின்படி, திரவ சோடியம் 397 பாகை செல்சியசில் உலைக்கருவினுள் நுழைந்து 547 பாகையில் வெளியேறும். இத்தகைய அளவுகளை எடுத்துக்காட்டாக மட்டும் கொண்டு, நுண்கட்டுப்படுத்தியின் நினைவகத்தில் நேரும் பைட் வரிசைப் பிழையை இக்கட்டுரை விளக்குகிறது.

பைட் வரிசை

ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையிலான எண்களே அடங்கும். ஆதலின் 547 இரு பைட்டுகளாகப் பிரியும்: 2 × 256 + 35. இதில் 2 உயர் பைட். 35 தாழ் பைட். தாழ் பைட்டை முதல் முகவரியில் வைப்பது சிறுமுனை வரிசை. உயர் பைட்டை முதலில் வைப்பது பெருமுனை வரிசை. முட்டையை எம்முனையில் உடைப்பது என்று 'கல்லிவரின் பயணங்கள்' நூலில் வரும் பூசலிலிருந்து இப்பெயர்களை 1980-இல் டேனி கோஹன் எடுத்தாண்டார். ஏவிஆர் சில்லுகளுக்கான ஜிசிசி தொகுப்பி சிறுமுனை வரிசையையும், 8051-க்கான கெய்ல் தொகுப்பி பெருமுனை வரிசையையும் பின்பற்றுகின்றன.

பிழையின் இயல்பு

ஒரு வரிசையில் எழுதப்பட்ட 547-ஐ மறு வரிசையில் படித்தால் 35 × 256 + 2, அதாவது 8962 கிடைக்கும். இப்பிழை கண்ணுக்கு உடனே புலப்படும். ஆனால் 513 (2 × 256 + 1) என்பது 258 ஆக மாறும். இது நம்பத்தக்க வெப்பநிலையாகவே தோன்றுவதால் எல்லைச் சோதனையையும் கடந்துவிடும். 514-இன் இரு பைட்டுகளும் 2 ஆதலால் பிழை இருந்தும் எண் மாறாது. எனவே ஓர் அளவு சரியாக வந்தது என்பது வரிசை சரி என்பதற்குச் சான்றாகாது.

கண்டறிதலும் களைதலும்

சோதனைக்கு 4660 (18 × 256 + 52) போன்ற, இரு பைட்டுகளும் வேறுபட்ட எண்ணை எழுத வேண்டும். திரும்பப் படிக்கையில் 13330 வந்தால் வரிசை புரண்டுள்ளது. இவ்விரண்டும் அல்லாத எண் வந்தால் முகவரியையோ தரவு வகையையோ ஆராய வேண்டும். எழுதிய நிரலைக் கொண்டே படித்துச் சோதித்தல் போதாது. இருபுறமும் ஒரே வரிசை அமைவதால் பிழை மறைந்துவிடும். நினைவகத்தின் ஒவ்வொரு முகவரியையும் தனித்தனியே பார்ப்பதே உறுதியான வழி.

எண்ணை நினைவகத்திற்கு அப்படியே படியெடுக்காமல், 256-ஆல் வகுத்த ஈவையும் மீதியையும் குறித்த முகவரிகளில் எழுதுதல் வேண்டும். படிக்கையில் உயர் பைட்டை 256-ஆல் பெருக்கித் தாழ் பைட்டைக் கூட்ட வேண்டும். இம்முறை எந்தத் தொகுப்பியிலும் ஒரே விடையைத் தரும்.

முடிவுரை

பைட் வரிசை என்பது எழுதுவோனுக்கும் படிப்போனுக்கும் இடையிலான உடன்படிக்கை. அது தொகுப்பியின் வழக்கத்திற்கு விடப்படாமல் தரவு வடிவ ஆவணத்திலேயே குறிக்கப்படின், 513 பாகை வெப்பம் 258 எனப் பதிவாகும் இடர் தவிர்க்கப்படும்.