புதுப்பிப்பு நேரத்தில் இணையம் திணறுகிறதா? பழைய கணினி கைகொடுக்கும்

டியூஷன் நிலையம், பொது இயக்கத்தின் பயிற்சி மையம் போன்ற இடங்களில் இருபது கணினிகள் ஒரே இணைய இணைப்பை நம்பியிருக்கும். அவை லினக்ஸ் கணினிகளாக இருந்து, எல்லாம் ஒரே புதுப்பிப்பைத் தனித்தனியே பதிவிறக்கினால் இணைப்பு திணறும், வகுப்பும் தடைபடும்.

இதற்கு உதவுவது ‘ஸ்குவிட்’ எனும் இலவச புரோக்சி மென்பொருள். ஒரு கணினி பதிவிறக்கிய கோப்பைச் சேமித்து வைத்து, அடுத்த கணினி கேட்கும்போது அதையே கொடுக்கும். ஓரமாகக் கிடக்கும் பழைய கணினியிலும் இதை நிறுவலாம். ஆனால் வன்தட்டில் சேமிக்கும்படி நாம்தான் அமைக்க வேண்டும். இல்லையேல் நினைவகத்தில் 256 எம்பி அளவுக்கே சேமிக்கும்.

எவ்வளவு இடம் ஒதுக்கலாம்?

முழு வன்தட்டையும் கொடுத்துவிடக் கூடாது. பதிவுக் கோப்புகளும் அதிலேயே வளரும். இடம் தீர்ந்தால் சர்வர் நின்றுவிடும். ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விடுங்கள்.

நினைவகத்தையும் கணக்கிட வேண்டும். 64 பிட் கணினியில் ஒவ்வொரு 1 ஜிபி சேமிப்புக்கும் சுமார் 14 எம்பி நினைவகம் தேவை. 400 ஜிபி ஒதுக்கினால் 5.6 ஜிபி போய்விடும். 4 ஜிபி நினைவகமுள்ள கணினி அதைத் தாங்காது. 100 ஜிபி என்றால் 1.4 ஜிபியோடு முடியும்.

அமைப்பது எப்படி?

அமைப்புக் கோப்பில் ஒரே வரி போதும். சேமிப்பு முறை, கோப்புறை, அளவு, 16, 256 என்பது அதன் வரிசை. கடைசி இரண்டும் கோப்புறைகள், அவற்றின் உட்கோப்புறைகள் ஆகியவற்றின் எண்ணிக்கை. முறைக்கு லினக்ஸில் ‘ஏயுஎப்எஸ்’ பொருந்தும். அளவு எம்பியில் என்பதால், 100 ஜிபிக்கு 100000 என எழுத வேண்டும்.

ஒரு கோப்பின் உச்ச அளவு வழக்கமாக 4 எம்பிதான். லிப்ரெஆபிஸ் போன்ற பெரிய மென்பொருள்களுக்கு அது போதாது. உச்ச அளவை உயர்த்தும் வரியைச் சேமிப்பு வரிக்கு மேலே எழுதுங்கள். பிறகு ஸ்குவிட்டை நிறுத்தி, ‘இசட்’ கட்டளையால் கோப்புறைகளை உருவாக்கி, மீண்டும் இயக்குங்கள். மற்ற கணினிகளில் இந்த புரோக்சியின் முகவரியைக் கொடுக்க மறக்க வேண்டாம்.

ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். யூடியூப், முகநூல் போன்ற தளங்களின் தகவல்கள் மறையாக்கம் செய்யப்பட்டே வருகின்றன; அவற்றை ஸ்குவிட் சாதாரணமாகச் சேமிக்க இயலாது. டெபியன், உபுண்டு புதுப்பிப்புகள் வழக்கமாக மறையாக்கமின்றி வருவதால், அங்கேதான் முழுப் பலன். புதிய வன்தட்டு வாங்கும் முன், உங்கள் மையத்தில் எது அதிகம் பதிவிறக்கப்படுகிறது என்று பார்த்துவிடுங்கள்.