உங்களுக்குத் தெரியுமா? பழி எப்போதும் பேட்டரியைச் சேர்ந்ததன்று

பயன்படுத்திய காம்பாக்ட் எஸ்யூவி காலையில் ‘டிக் டிக்’ என்ற ஒலியோடு கிளம்ப மறுத்தால் பழி முதலில் பேட்டரியின் மீதே விழுகிறது. ஆயினும் என்ஜினிலிருந்து மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்ப வழிசெய்யும் எர்த் வயரின் முனையில் பிடித்த துருவோ தளர்ச்சியோ உண்மைக் காரணமாக இருப்பதுண்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும் கணத்தில், அந்த இணைப்பில் 0.01 ஓம் மின்தடை கூடினாலே 1.5 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும்.

வண்டி நிற்கும்போதும் அலாரம், கடிகாரம் போன்றவை இழுக்கும் சிறு மின்னோட்டம், அதாவது உறங்குநிலை நுகர்வு, பொதுவாக 50 மில்லிஆம்பியருக்குள் அடங்கும்; ஆனால் முந்தைய உரிமையாளர் கம்பியை வெட்டி ஒட்டிப் பொருத்திய ஸ்டீரியோ (பழைய வண்டிகளில் இத்தகைய கைவேலைக்குக் குறைவில்லை) சாவியை எடுத்த பின்னும் அரை ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால், நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி கரைந்து, 45 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

முழுதாக மின்னேறி ஓய்ந்திருக்கும் பேட்டரி மல்டிமீட்டரில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், என்ஜின் ஓடுகையில் 14 வோல்ட்டுக்கு அருகிலும் காட்டும். ஓடும்போதும் 13 வோல்ட்டை எட்டாவிட்டால் மின்னேற்றும் ஆல்டர்னேட்டரையோ அதைச் சுழற்றும் பெல்ட்டையோ ஐயுறலாம், எனினும் அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் எரிபொருளைச் சேமிக்கக் கணினியே மின்னேற்றத்தைத் தற்காலிகமாகக் குறைத்துவைப்பதும் உண்டு.