மலையடி ஊர்களில் திடீர் வெள்ளம்

நகரியிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கு மலையும் ஓடையும் புதியன அல்ல. 2021 நவம்பரில் திருமலையில் பெய்த கனமழை கபில தீர்த்தத்தில் பேரருவியாய்ப் பாய்ந்தது; திருப்பதித் தெருக்கள் ஆறாயின.

அது பருவமழை. இடியோடு வரும் கோடைமழை சிறிது நேரமே பெய்யும். எனினும் சிற்றோடை பொங்க அதுவே போதும். காரணம் யாது? செங்குத்தான பாறைச் சரிவு நீரை உறிஞ்சுவதில்லை. கால்வாய் தூர்ந்து, மண்தரையும் சிமெண்டுத் தளமானால், மணிக்கணக்கில் வடியவேண்டிய நீர் நிமிடக்கணக்கில் ஊருக்குள் வந்துவிடும்.

ஆதலின், தலைக்கு மேல் வானம் தெளிந்திருப்பினும், மலைமேல் கருமேகம் திரண்டால் வறண்ட ஓடையிலும் இறங்காதீர். நீர் திடீரெனக் கலங்கினால் உடனே கரையேறுக. முழங்காலளவு வேகநீரே ஆளைச் சாய்த்துவிடும். ஓடைக்குரிய வழியை ஓடைக்கே விட்டுவைப்பது ஊருக்குக் காவல்.